நிலவில் விழுந்த திரை

வளர்பிறைப் பிரதோஷத்தன்று மாலை, மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் சுவாமி ரிஷப வாகனத்தில் பிராகாரம் சுற்றி வரும் வேளையில், கிழக்கே ஏறியிருக்கும் நிலவில் சி.வி. ராமனுக்கு விடிகிறது. நிலவின் மேற்குப் பகுதியில், 'புயல்களின் பெருங்கடல்' என்று பெயர் பெற்ற இருண்ட சமவெளியில், 10 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதன் பெயர் ராமன். ஏறக்குறைய திரயோதசி திதியில்தான் அங்கே முதல் வெயில் படுகிறது. அந்த வெயிலில், பள்ளத்துக்குப் பக்கத்திலேயே, 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் ஒரு தாழ்ந்த மேட்டு வரிசை மேலெழுந்து தெரியும். அதன் பெயர் டார்ஸா பர்னெட். இந்த இரண்டாவது பெயரைப் பற்றியும், அதைப் போன்ற ஏனைய பெயர்களைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

திதியைச் சொல்லி நிலவின் மேட்டைத் தேடுவது கணக்குக்கு முற்றிலும் பொருந்துகிற காரியம். சூரியனைவிட்டு நிலவு 12 பாகை விலகினால் ஒரு திதி நகர்கிறது. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோடும் நிலவின் முகத்தில் அதே 12 பாகை நகர்கிறது. ஆகவே எந்த மேட்டில் என்றைக்கு விடியும் என்பதைப் பஞ்சாங்கத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பர்னெட்டுக்குத் திரயோதசி; கிழக்குப் பக்கம் இருக்கும் ஸ்மிர்னோவ் மேட்டுக்கு வளர்பிறை சஷ்டி. நிலவு கொஞ்சம் தலையசைத்துக்கொண்டே சுற்றுவதால் சில மணி நேரம் முன்பின் ஆகும், அவ்வளவுதான். பௌர்ணமியன்று தேடினால் ஒன்றுகூடக் கண்ணில் படாது. இந்த மேடுகளின் உயரம் பெரும்பாலும் சில பத்து மீட்டரிலிருந்து இருநூறு முந்நூறு மீட்டர் வரைதான். அகலமோ பல கிலோமீட்டர். அவ்வளவு சாய்வான மேட்டின் நிழல், சூரியன் தொடுவானத்தை ஒட்டி இருக்கும்போது மட்டுமே நீண்டு விழும். வெயில் ஏறினால் மேடு தரையோடு கரைந்துவிடும். இரண்டு நாள் தெரிந்து மறைகிற இந்தக் குணம்தான் அவற்றுக்கு நீண்ட காலம் பெயரில்லாமல் போனதற்கும் காரணம்.

முதலில் 'டார்ஸம்' என்ற சொல். லத்தீனில் அது முதுகு. பன்மை டார்ஸா. தனி மேடு என்றால் டார்ஸம். பல கிளையாகப் பிரிந்தோ கூட்டமாகவோ இருந்தால் டார்ஸா. மிருகத்தின் முதுகையும் மனிதனின் முதுகையும் குறித்த இந்தச் சொல்லை ரோமானியர்களே நிலத்துக்கும் எடுத்துச்சென்றுவிட்டார்கள். வர்ஜிலின் 'ஈனீடு' காவியத்தின் முதல் பகுதியில், புயலில் கப்பல்கள் மோதும் கடற்பாறைத் தொடருக்கு இந்தச் சொல்தான் வருகிறது. கடல் பரப்பில் முதுகு காட்டிக் கிடக்கும் பாறை. நிலவின் கடல்களில் முதுகு காட்டிக் கிடக்கும் மேட்டுக்கு அந்தச் சொல்லை எடுத்தவர்கள் வர்ஜிலை நினைத்தார்களோ இல்லையோ, பொருத்தம் அபாரம்.

நிலத்துக்கு உடம்பின் பெயர்களை வைப்பதில் தமிழ் எந்த மொழிக்கும் பின்தங்கியதில்லை. மலையின் அடியை அடிவாரம் என்கிறோம். மலைகளுக்கு நடுவே வழிவிடும் இடம் கணவாய். ஆறு கடலில் சேரும் இடம் முகத்துவாரம். அடையாறு முகத்துவாரத்தைப் பற்றிப் பேசும்போது யாரும் ஆற்றுக்கு முகம் ஏது என்று யோசிப்பதில்லை. சங்கத் தமிழில் 'கவான்' என்ற சொல் தொடையையும் குறிக்கும், மலைச்சரிவையும் குறிக்கும். எனவே டார்ஸம் என்பதற்கு 'முதுகு' என்றே தமிழில் சொல்லலாம் என்று ஒருவர் வாதிட்டால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதைவிடப் பொருத்தமான சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதற்கு முன்னால் இந்த மேடு எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

நிலவில் நாம் காணும் கறை, பெருமோதல்களால் உண்டான அகன்ற படுகைகளில் பசால்ட் எரிமலைக் குழம்பு நிறைந்து இறுகிய இடம். இதில் பெரும்பகுதி முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. அந்தக் கறையைத்தான் நம் முன்னோர் முயல் என்றார்கள்; முயற்கறை என்று அதற்குப் பெயராயிற்று. படுகையில் நிறைந்த பசால்ட் மிகவும் கனமானது. தன் கனத்தாலேயே நடுவில் மெல்ல அமிழ்ந்தது. மேல் அடுக்குகள் இருந்த இடத்தைவிடக் குறுகிய இடத்தில் அடங்க வேண்டிவந்தது. இடம் போதாமல் பாறை நெருக்குண்டு, அடியில் பிளந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மேலே மடிந்து புடைத்துக்கொண்டது. அதுதான் இந்த மேடு. நிலவியலாளர்கள் இதை ஆங்கிலத்தில் 'ரிங்கிள் ரிட்ஜ்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'சுருக்க முகடு' என்று வரும். முகடு என்றதும் நமக்குக் கூரையின் முகடும் மலையின் முகடும்தான் மனத்தில் எழும். கூர்மையும் உயரமும் உள்ள ஒன்று. நிலவின் இந்த மேட்டில் இரண்டுமே கிடையாது.

தமிழில் 'திரை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நரை, திரை, மூப்பு என்று அடுக்கிச் சொல்லும்போது திரை என்பது தோலின் சுருக்கம். திரைகடல் என்னும்போது அது அலை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இந்த இரண்டு பொருளையும் தருவதோடு, கடல் என்ற பொருளையும் தருகிறது. திரைதல் என்ற வினைக்குச் சுருங்குதல், அலையாக எழுதல், பால் இறுகித் திரளுதல் என்றெல்லாம் பொருள் உண்டு. ஓர் ஓவியர் வரைந்து காட்டினால்கூட இவ்வளவு பொருந்தாது. குழம்பாக இருந்து இறுகியது. கடல் என்று பெயர் பெற்றது. அதன்மேல் சுருக்கம் விழுந்து அலைபோல நிற்பது. இந்த மூன்றும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. சினிமாத் திரையும் சன்னல் திரையும் இன்று அந்தச் சொல்லின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன என்பது உண்மைதான். அதனால் 'திரைமேடு' என்று கூட்டிச் சொல்லலாம். பள்ளிப் பாடநூல்களில் இந்தச் சொல் வர வேண்டும் என்று விரும்புகிறேன். பத்தாம் வகுப்பு மாணவிக்கு அந்த ஒரு சொல்லே மேடு உண்டான விதத்தையும் சொல்லிக்கொடுத்துவிடும்.

சென்னையின் தென்பகுதியில் வசிப்பவர்களுக்கு இன்னொரு வகை மேடும் பழக்கம். சாந்தோமிலிருந்து பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று கடற்கரைக்கு இணையாக மணல்மேடுகள் ஓடுகின்றன. இன்று அவற்றின்மேல் வீடும் சாலையும் வந்துவிட்டதால் சைக்கிள் மிதிப்பவர்தான் ஏற்றத்தை உணர்வார். அவை கடல் முன்னும் பின்னுமாகப் போய்வந்தபோது அலையும் காற்றும் குவித்தவை. நிலவின் திரைமேட்டை யாரும் குவிக்கவில்லை. நெருக்கத்தில் தானாகப் புடைத்தது. தோற்றத்தில் ஒற்றுமை, பிறப்பில் வேற்றுமை.

இனி, பெயர் வந்த கதை. தொலைநோக்கியில் நிலவைப் பார்த்து வரைந்தவர்களுக்கு முதலில் பெரியவை மட்டுமே பெயர் வைக்கத் தக்கவையாகத் தோன்றின. டான்சிக் நகரத்து ஹெவேலியஸ் 1647-இல் வெளியிட்ட நூலில் நிலவின் மலைகளுக்கு ஆல்ப்ஸ், அப்பினைன் என்று பூமியின் மலைப்பெயர்களையே தூக்கி வைத்தார். அந்த இரண்டும் இன்றும் இருக்கின்றன. 1651-இல் இத்தாலியப் பாதிரியார் ரிச்சோலி, தம் துணைவர் கிரிமால்டி வரைந்த படத்துக்கு வைத்த பெயர்கள்தாம் இன்றைய முறைக்கு அடித்தளம். இருண்ட சமவெளிகளுக்கு வானிலையின் பெயர்கள்: மழைக் கடல், தெளிந்த வானத்தின் கடல், புயல்களின் பெருங்கடல். பள்ளங்களுக்கு அறிஞர்களின் பெயர்கள். கடலில் கிடந்த தாழ்ந்த மேடுகளுக்கு இந்த முறையில் இடமே இல்லை.

1837-இல் பெர்லினில் பேயரும் மெட்லரும் வெளியிட்ட 'டெர் மோண்ட்' நூலும் அதற்கு முந்தைய அவர்களுடைய படமும் எழுத்து முறையைப் பரவலாக்கின. பெயர் உள்ள பெரிய பள்ளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு பள்ளத்துக்கு அதே பெயரும் ஒரு ரோமன் எழுத்தும். உயர்ந்த இடத்துக்குக் கிரேக்க எழுத்து. மேடுகள் இப்படி ஆல்பா, பீட்டா என்று அண்டை வீட்டுப் பெயரில் ஒண்டுக்குடித்தனம் இருந்தன. பொழுதுபோக்காக நிலவைப் பார்த்தவர்கள் மட்டும் தெளிந்த வானத்தின் கடலின் கிழக்கில் வளைந்து நெளிந்து ஓடும் ஒரு மேட்டுக்குப் 'பாம்பு மேடு' என்று பொருள்படும் பெயரைச் சொல்லிவந்தார்கள். 1919-இல் தொடங்கிய சர்வதேச வானியல் சங்கம், ஒன்றுக்கொன்று முரண்பட்டுக் கிடந்த பெயர்களை ஒழுங்குசெய்ய முற்பட்டது. அந்த வேலையின் சுமையைத் தாங்கியவர் மேரி பிளாக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. பல்கலைக்கழகப் படிப்பு இல்லாமல் தாமாகக் கணிதம் கற்றவர். அவரும் கார்ல் முல்லரும் தொகுத்த பட்டியல் 1935-இல் வெளிவந்தது. அதிலும் மேடுகளுக்குத் தனிப்பெயர் இல்லை.

பெயர்கள் வந்தது அப்போலோவுக்குப் பிறகு. 1971, 1972-ஆம் ஆண்டுகளில் அப்போலோ 15, 16, 17 கலங்கள் நிலவைச் சுற்றியபடி எடுத்துவந்த படங்களிலிருந்து, தெருவரைபடம் போல நுணுக்கமான நிலப்படங்களைத் தயாரித்தார்கள். அவற்றில் கிரேக்க எழுத்தை வைத்துக் காலம் தள்ள முடியவில்லை. 1970-களில் சங்கம் மேடுகளுக்கு டார்ஸம் என்ற பொதுச்சொல்லை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மனிதரின் பெயரைச் சேர்த்தது. பாம்பு மேடு, சோவியத் நிலவியலாளர் செர்கேய் ஸ்மிர்னோவின் பெயரால் டார்ஸா ஸ்மிர்னோவ் ஆனது. மற்றக் கோள்களில் வேறு வழக்கம்: புதனின் மேடுகளுக்கு அந்தக் கோளை உற்று ஆராய்ந்த வானியலாளர்கள், வெள்ளியின் மேடுகளுக்கு வானத்துத் தேவதைகள். நிலவின் மேடுகள் மட்டும் மண்ணையும் கல்லையும் படித்தவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டன. தேரா என்ற கிரேக்கப் பெண்பெயரைத் தாங்கும் சிறு மேட்டைப் போன்ற விதிவிலக்கு மிக அரிது.

மாநிலக் கல்லூரியில் நிலவியல் படித்தவர்கள் இந்த மேடுகளின் பட்டியலை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். தங்கள் ஆய்வுக்கூட அலமாரியை யாரோ நிலவில் கொண்டுபோய் அடுக்கியதாகத் தோன்றும். கனிமங்களை வகைப்படுத்திக் கொடுத்த டானா இருக்கிறார். பாறைவியலுக்குப் பாடநூல் எழுதிய ஹார்க்கர் இருக்கிறார். அவர் பெயரால் ஆன வரைபடத்தை இன்றும் மாணவர்கள் போடுகிறார்கள். பாறையை ஒளி ஊடுருவும்படி மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கக் கற்றுத்தந்த சார்பி, அந்த முறையை ஜெர்மனியில் வளர்த்த சிர்கெல், பாறைகளின் வேதியியலைக் கணக்காக்கிய நிக்லி எல்லோரும் உண்டு. நிக்கல் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் உண்டு. 1828-இல் ஐஸ்லாந்துக் கால்சைட் படிகத்தைப் பிளந்து ஒட்டி அவர் செய்த பட்டகம்தான் நீண்ட காலம் பாறை நுண்ணோக்கியின் உயிராக இருந்தது. 'கிராஸ்டு நிக்கல்ஸ்ல பாரு' என்று ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் சொல்லாத நாள் இருக்காது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் மனிதரின் மேடு, ஸ்மிர்னோவ் மேட்டுக்குத் தெற்கே, அதே கடலில் கிடக்கிறது. பாறை அடுக்குகளை முதல், இரண்டாம், மூன்றாம் காலம் என்று பிரித்த இத்தாலியர் அர்துயினோவும், அண்டார்டிகாவின் பனியில் தோழர்களை இழந்து தனியாக நடந்து திரும்பிய ஆஸ்திரேலியர் மாசனும், எகிப்தியர் ரியாத் ஹிகாசியும், உழவைப் பற்றி நூல் எழுதிய ரோமானியர் கேட்டோவும் பட்டியலில் இருக்கிறார்கள்.

இவர்களுக்குள் ராமனின் அண்டை வீட்டுக்காரரான தாமஸ் பர்னெட்தான் என்னை மிகவும் நிறுத்திவைத்தவர். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பாதிரியார். 1681-இல் பூமியின் வரலாற்றைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். பூமி படைக்கப்பட்டபோது முட்டையைப் போல வழவழப்பாக, மலையோ கடலோ இல்லாமல் இருந்தது. ஓடு உடைந்து உள்ளிருந்த நீர் வெளியே பாய்ந்ததுதான் பிரளயம். இன்று நாம் காணும் மலைகள் அந்த உடைசலின் இடிபாடுகள் என்பது அவர் கொள்கை. ஆல்ப்ஸ் மலையைக் கடந்து பயணம் செய்தபோது அதன் ஒழுங்கின்மை அவரை உலுக்கிவிட்டது. அந்தக் கலக்கத்திலிருந்து பிறந்த நூல் அது. மலையை அழகு என்று கருதாத மனிதர் அவர். ஆனாலும் நிலத்துக்கு ஒரு வரலாறு உண்டு, இன்றைய வடிவத்துக்கு ஒரு காரணம் உண்டு என்று கேட்ட முதல் சிலரில் அவரும் ஒருவர். விடை தவறு, கேள்வி சரி. மேல் ஓடு நெருக்குண்டு உருமாறிய ஓர் இடத்துக்கு அவர் பெயர் வந்து அமைந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

பெயர் நிலைக்கும், பொருள் போய்விடும் என்பதற்கு நிலவுவரை போகத் தேவையில்லை, தி.நகர் போதும். 1920-கள் வரை அங்கே இருந்தது 'லாங் டேங்க்' என்று ஆங்கிலேயர் குறித்த நீண்ட ஏரி. அதைத் தூர்த்து 1923 முதல் 1925 வரை மனைகளாகப் பிரித்து, நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயரை வைத்தார்கள். பனகல் அரசருக்குப் பூங்கா, டாக்டர் நாயருக்குச் சாலை, உஸ்மானுக்குச் சாலை என்று அந்தக் கால அரசியலே தெருப்பலகைகளில் ஏறியது. ஏரியோ மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பெயரில் மட்டும் மிஞ்சியது. அந்தச் சாலையில் எங்கு நின்று பார்த்தாலும் ஏரி தெரியாது. நிலவின் மழைக் கடலில் மழையும் இல்லை, கடலும் இல்லை. ஆனால் ஒரு வேறுபாடு முக்கியம். மாம்பலத்துப் பெயர், இருந்த ஒன்றின் சாட்சி. நிலவின் கடல் என்ற பெயர், பார்த்தவர்களின் கற்பனை. சொல்லாராய்ச்சி செய்பவர் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது.

நகரத்தில் சாலையின் பெயர் ஒரு தலைமுறைக்குள் மாறும். மௌப்ரேஸ் ரோடு டி.டி.கே. சாலையானது. எட்வர்டு எலியட்ஸ் ரோடு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையானது. ராமனின் அண்ணன் மகன் எஸ். சந்திரசேகர் வளர்ந்த 'சந்திர விலாஸ்' வீடு இருந்தது அந்தச் சாலையில்தான். நிலவிலும் மாற்றம் நடந்திருக்கிறது. ராமன் பள்ளத்துக்கு 1976 வரை 'ஹெரோடோட்டஸ் டி' என்று பெயர். கிரேக்க வரலாற்றாசிரியரின் பெயரைத் தாங்கிய பெரிய பள்ளத்தின் பக்கத்துப் பள்ளம் என்பது மட்டுமே அதற்கு அடையாளம். ராமன் 1970-இல் மறைந்தார். இறந்து மூன்று ஆண்டுகளாவது கழிந்தவர்களின் பெயரைத்தான் வைக்கலாம் என்பது விதி. ஆறாவது ஆண்டில் பெயர் வந்தது.

ராமன் ஒளியின் அறிஞர் என்பதே எல்லோருக்கும் தெரிந்தது. கல்லின்மேலும் அவருக்குத் தீராத காதல். வைரம், ஸ்படிகம், நிறம் மாறும் பெல்ட்ஸ்பார் என்று வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1950-இல் அவரும் ஜெயராமன் முதலிய மாணவர்களும் இலங்கையில் கிடைக்கும் சந்திரகாந்தக் கல்லின் உள்ளமைப்பை ஆராய்ந்து, அதில் நீலம் பூத்து மினுங்கும் ஒளி எங்கிருந்து வருகிறது என்று கட்டுரை எழுதினார்கள். மாநிலக் கல்லூரி மாணவராக 1906-இல், பதினெட்டு வயதில், லண்டன் இதழில் ஒளியைப் பற்றி முதல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டவரின் அரை நூற்றாண்டு ஆர்வம் அது. இன்று ஒரு கல்லில் என்ன கனிமம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க உலகெங்கும் நிலவியலாளர்கள் ராமன் விளைவைத்தான் கையாளுகிறார்கள். பர்னெட்டின் பக்கத்தில் ராமனை வைத்தவர்கள் இதையெல்லாம் எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் கல்லைப் படித்தவர்களின் தெருவில் அவர் அந்நியர் அல்லர்.

நிலவில் வேறு இந்தியப் பெயர்களும் உண்டு. ஜகதீஷ் சந்திர போஸ், மேகநாத் சாகா, ஹோமி பாபா, விக்ரம் சாராபாய் ஆகியோருக்குப் பள்ளங்கள் உள்ளன. அப்போலோ நிலப்படங்களுக்குச் சிறு பெயர்கள் தேவைப்பட்டபோது பல மொழிகளின் சாதாரண ஆண், பெண் பெயர்களை எடுத்து வைத்தார்கள். அப்படி ரவி, சீதா என்ற சிறு பள்ளங்களும், திலீப் என்ற குன்றும், கிருஷ்ணா என்ற குட்டிப் பள்ளத்தாக்கும் வந்தன. இவை எந்தத் தனிமனிதரையும் குறிப்பவை அல்ல. 2024 மார்ச்சில் சந்திரயான்-3 இறங்கிய இடத்துக்குச் சிவசக்தி என்ற பெயரைச் சங்கம் ஏற்றது.

சென்னையில் பணியாற்றியவர்களில் நார்மன் பாக்சனுக்கு நிலவின் மறுபக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. 1861 முதல் 1891-இல் இறக்கும்வரை நுங்கம்பாக்கத்து வான்நோக்கு நிலையத்தின் தலைவர். விண்மீன்களின் பிரகாசத்தை அளக்கும் கணக்கு அவருடையது. நுங்கம்பாக்கத்திலிருந்து அவர் கண்டுபிடித்த சிறுகோளுக்கு 'ஏசியா' என்று பெயரிட்டார். அவரிடம் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது பொதுமக்களுக்காகச் சிறுநூல் எழுதினார். வானத்தில் கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்போகும்படி பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று போராடி, திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். அவர் பெயர் நிலவில் இல்லை. பிரதோஷத்தன்று ராமனுக்கு விடியும் என்று நான் மேலே எழுதியது நம்பத்தக்க கணக்காக இருப்பதற்கு, கண்ணால் கண்டதைக் கணக்கில் சேர் என்று அவர் பிடித்த பிடிவாதமும் ஒரு காரணம். இந்த விடுபடல் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

திரைமேடுகளுக்குத் திரும்பினால் வருத்தம் இன்னும் கூடுகிறது. நாற்பதை ஒட்டிய அந்தப் பெயர்களில் இந்திய நிலவியலாளர் ஒருவர்கூட இல்லை. கல்லைப் படிப்பதில் இந்த நிலத்துக்குப் பங்கு இல்லையா என்றால், அடையாற்றிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் பரங்கிமலையும் பல்லாவரமும் பதில் சொல்லும். அங்கே கிடைக்கும் கருநிறக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அதற்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை அந்தக் கல்லால் ஆனது என்பதே காரணம். இன்று கனடாவிலும் நார்வேயிலும் அண்டார்டிகாவிலும் அந்த வகைப் பாறைக்கு அதே பெயர். பல்லாவரத்துக் கல், கல்கத்தாவில் புதைக்கப்பட்டவரின் பெயரோடு உலகம் சுற்றுகிறது. நிலவின் வெண்மையான மேட்டுநிலங்களில் நிறைந்திருக்கும் அனார்த்தசைட் என்ற பாறையும் நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி பக்கம் கிடைக்கிறது. நிலவில் இறங்கும் கலத்தையும் ஊர்தியையும் சோதிக்க, இஸ்ரோ அந்தப் பாறையை அரைத்துத்தான் நிலவு மண்ணைப் போன்ற மண்ணைத் தயாரித்தது; சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர்கள் அதில் துணைநின்றார்கள்.

என் மனத்தில் ஒரு பெயர் இருக்கிறது: எம்.எஸ். கிருஷ்ணன். முதலெழுத்தில் இருப்பது மகாராஜபுரம். 1851-இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு, நூறு ஆண்டுகள் கழித்து 1951-இல் தலைவரான முதல் இந்தியர். அவர் எழுதிய 'இந்தியா, பர்மாவின் நிலவியல்' என்ற ஆங்கில நூல் 1943-இல் சென்னையில் வெளிவந்தது. பின்னாளில் மவுண்ட் ரோடு ஹிக்கின்பாதம்ஸ் அதைப் பதிப்பித்தது. இமயம் முதல் குமரி வரை ஒவ்வொரு பாறை அடுக்கையும் வரிசைப்படுத்திச் சொன்ன அந்த நூலை வைத்துத்தான் இந்நாட்டு நிலவியல் மாணவர்கள் பல தலைமுறைகள் படித்தார்கள். டானாவும் ஹார்க்கரும் எந்தத் தகுதியில் நிலவின் மேடுகளில் இருக்கிறார்களோ, அதே தகுதி இவருக்கும் உண்டு. அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது, காலக்கெடு தடையில்லை. அரசியல், மதம், ராணுவம் சார்ந்த பெயர் கூடாது என்ற விதியும் இங்கே குறுக்கே வராது.

ஒரு சிக்கலை மட்டும் சொல்ல வேண்டும். ஒரே பெயர் இருமுறை வருவதைச் சங்கம் தவிர்க்கிறது. கிருஷ்ணா என்ற பள்ளத்தாக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஆளைக் குறிக்காத அந்தப் பெயருக்கும் நிலவியலாளர் கிருஷ்ணனின் பெயருக்கும் ரோமன் எழுத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு என்பதைக் காட்டி மறுக்கக்கூடும். அப்படி மறுத்தால், தலைப்பெழுத்தை விரித்து மகாராஜபுரம் என்று கேட்கலாம். ஆளுக்கு ஊர்ப்பெயர் முன்னால் நிற்பது நம் வழக்கம்தான். பெயரை முன்மொழியச் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அந்த இடத்தைப் பற்றி ஆராய்கிறவர் பெயர் தேவைப்படும் காரணத்தைக் காட்டினால் போதும். நிலவின் கடல்களில் பெயரில்லாத திரைமேடுகள் இன்னும் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. சந்திரயான்-2 சுற்றுக்கலம் எடுத்தனுப்பும் படங்களில் அவற்றின் ஒவ்வொரு மடிப்பும் தெரிகிறது. அந்தப் படங்களை வைத்து ஒரு திரைமேட்டை அளந்து கட்டுரை எழுதப்போகும் ஆராய்ச்சி மாணவர் சென்னையிலேயே இருக்கக்கூடும். கட்டுரையோடு பெயர் கேட்கும் விண்ணப்பத்தையும் அவர் சேர்த்து அனுப்ப வேண்டும்.